94 செவி சி-1500: கார்பெட்டை எடுத்துட்டு வினைல் தரை – அடியில் என்ன அடுக்கு, எவ்வளவு?

கொங்கு_டிரக்

வண்டி 1994 செவர்லே சி-1500. எக்ஸ்டெண்டட் கேப், 5.7 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், டூ வீல் டிரைவ். ஓடுறது டெக்சாஸ், சான் அன்டோனியோ பக்கம். கார்பெட் நைந்து போச்சு, பாசஞ்சர் கால் பக்கம் ஊசல் வாடை அடிக்குது. வினைல் தரை போட முடிவு பண்ணியாச்சு. கேள்விகள்:

வினைலுக்கு அடியில் சத்தத்துக்கும் சூட்டுக்கும் என்ன போடணும்? தரை முழுக்க பியூட்டைல் ஷீட் (ஒட்டுற ரப்பர் மாதிரி, அதிர்வை அடக்குறது) ஒட்டணுமா? ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, கூரைக்கு ஒட்டுற அலுமினிய ரோல் பாதி விலைதானே, அது ஆகாதா? பழைய சணல் மெத்தையைத் திரும்பப் போடலாமா?

துருப்பகை

சாமான் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அந்த வாடைக்குப் பதில் சொல்லுங்க. தண்ணி எங்கிருந்து வருது?

கார்பெட் நனைஞ்சா மெல்லக் காயும். வினைல் காயவே விடாது. மேலே இருந்து சொட்டு இறங்காதுன்னு நாம சந்தோஷப்படுறோம், ஆனா கீழே புகுந்த ஈரமும் மேலே வராது. ரெண்டு மழைக்காலம் போனா தகடு ஓட்டை. அதனால ஒழுக்கை அடைக்காம வினைல் போடவே கூடாது.

அந்த வருஷ செவியில் பார்க்க வேண்டிய இடங்கள்:

ஏசி தண்ணி வெளியேறுற குழாய். எஞ்சின் பக்கம், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவர்) பாசஞ்சர் பக்கம் கீழே இருக்கும். அழுக்கு அடைச்சா தண்ணி உள்ளேயே இறங்கும். ஏசி போட்டு பத்து நிமிஷம் நின்ன இடத்தில் தரையில் சொட்டலைன்னா அடைப்புதான்.

ஹீட்டர் கோர், அதாவது கேபினைச் சூடாக்குற சின்ன ரேடியேட்டர். ஈரத்தைத் தொட்டா பிசுபிசுப்பு, இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி மூட்டம். இது இருந்தா அது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்), மழைத்தண்ணி இல்லை.

வைப்பர் அடியில் இருக்கிற கௌல், அதாவது காத்து உள்ளே போற பள்ளம். இலை சேர்ந்து அடைச்சா தண்ணி ப்ளோயர் வழியா பாசஞ்சர் பக்கம் இறங்கும்.

பின்சீட் அடி நனைஞ்சிருந்தா கூரைக்குப் பின்னால் இருக்கிற மூணாவது பிரேக் லைட். லைட் டிரக்குகளுக்கு அது 1994 மாடலில்தான் வந்துச்சு, உங்க வண்டியில் இருக்கும். அதுக்குள்ள நுரை கேஸ்கெட் காய்ந்து சுருங்கிடும். கழற்றி, பழசைச் சுரண்டி, புது கேஸ்கெட் அல்லது பியூட்டைல் கயிறு போட்டா தீர்ந்தது. சிலிகான் பூசாதீங்க, அடுத்த தடவை பல்ப் மாத்தும்போது பெயின்டோட வரும்.

சோதனை: சீட்டையும் கார்பெட்டையும் எடுத்த பிறகு, தரையில் செய்தித்தாள் விரிச்சு, ஒருத்தர் டார்ச்சோட உள்ளே உக்காரணும். வெளியே ஹோஸ் பைப்பை மெதுவா விட்டு, கீழே இருந்து மேலே போகணும். ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு நிமிஷம். மேலே இருந்து ஆரம்பிச்சா எங்க ஒழுகுதுன்னே தெரியாது.

ஹூஸ்டன்மாமா

தம்பி, கூரை ரோல் தாராளமா போடலாம். தகடு தட்டினா டொங்குன்னு கேட்கிறது தொப்புன்னு கேட்கும், அவ்வளவுதானே வேணும்? 36 சதுர அடி பியூட்டைல் பெட்டி வாங்குற காசுக்கு வண்டி முழுக்க ரெண்டு சுத்து ஒட்டலாம்.

நெய்தல்

மாமா, மன்னிக்கணும், டெக்சாஸ் வெயிலுக்கு அது சரிவராது. கூரை ரோலில் பெரும்பாலானவை தார் அடிப்படை. மூடி நிறுத்தின வண்டிக்குள் வெயிலில் தார் இளகும், வாடை வரும், ஃபயர்வால் மாதிரி செங்குத்தான இடத்தில் வழுக்கி இறங்கும். கூரையிலும் கதவிலும் கேட்கவே வேண்டாம். வாங்கும்போது உறையைப் படியுங்கள்: பியூட்டைல் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். "ரப்பரைஸ்டு" என்று மட்டும் இருந்தால் அதில் தார்தான் இருக்கும்.

கொங்கு, நீங்கள் கேட்ட மற்றவை. மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு. பலரும் ஒரே பொருள் எல்லாம் செய்யும் என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறார்கள்.

முதலாவது, தகடு அதிர்வதை அடக்குவது. இதற்குத்தான் அலுமினியம் ஒட்டிய பியூட்டைல் ஷீட். 80 மில், அதாவது 2 மி.மீ. போதும். தகட்டை 100 சதவீதம் மூட வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டையான பகுதியின் நடுவில், பரப்பில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு மேல் ஒட்ட ஒட்டப் பலன் குறைந்துகொண்டே போகும், எடை மட்டும் கூடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வரிவரியாக மடித்து அழுத்திய இடம் ஏற்கெனவே விறைப்பு, அங்கே ஒட்டத் தேவையில்லை. அகலமாக, மொட்டையாக இருக்கும் இடத்தில்தான் வேலை.

இரண்டாவது, டயர் சத்தத்தையும் எக்ஸாஸ்ட் முழக்கத்தையும் தடுப்பது. இதற்குக் கனம் வேண்டும். கனமேற்றிய வினைல், சுருக்கமாக எம்.எல்.வி.: சதுர அடிக்கு 1 பவுண்டு, தடிமன் ஏறக்குறைய 1/8 அங்குலம். இதைத் தகட்டோடு ஒட்டக்கூடாது. நடுவில் நுரை இருந்து அது மிதக்க வேண்டும். ஓட்டையோ இடைவெளியோ இருந்தால் சத்தம் அந்த வழியாக வந்துவிடும், ஆகவே ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும்.

மூன்றாவது, சூடு. இதற்கு க்ளோஸ்டு செல் ஃபோம் (மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரை), 1/4 அங்குலம். தண்ணீர் குடிக்காது என்பதால் எம்.எல்.வி.க்கு அடியில் மெத்தையாகவும் இதுவே நிற்கும். சணலும் பழைய துணிக் கழிவை அழுத்திச் செய்த மெத்தையும் வினைலுக்கு அடியில் வேண்டாம். பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துத் தகட்டோடு அணைத்து வைத்துக்கொள்ளும்.

பளபளக்கும் தாள் ஒட்டிய ஃபோமுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்தத் தாள் கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்ப எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகட்டுக்கும் வினைலுக்கும் நடுவில் நெருக்கி வைத்தால் அது வெறும் கடத்தி.

ஹூஸ்டன்மாமா

தார் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா கால் பங்கு கணக்கை நம்ப மாட்டேன். முழுக்க ஒட்டினா தண்ணிக்கும் ஒரு தடுப்புதானே?

துருப்பகை

தடுப்பா? ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பில் தண்ணி நுழைஞ்சா அடியில் சிக்கிக்கும். துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் தான் தண்ணித் தடுப்பு. ஷீட் அதிர்வுத் தடுப்பு. ரெண்டையும் குழப்பாதீங்க மாமா.

இன்னொண்ணு, தரையில் வட்டமான ரப்பர் மூடிகள் இருக்கும். தொழிற்சாலையில் பெயின்ட் குளியல் வடியறதுக்கு விட்ட துளைகள். அது மேல எதையும் ஒட்டாதீங்க. வெள்ளத் தண்ணி உள்ளே வந்தா அதைப் பிடுங்கித்தான் வடிக்கணும். ரப்பர் வெடிச்சிருந்தா விட்டத்தை அளந்து புதுசு வாங்குங்க, ஓரத்தில் கொஞ்சம் சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கிற பசை). பின்சுவரில் காத்து வெளியேறுற ரப்பர் மடல் இருந்தா அதையும் மூடாதீங்க. மூடினா கதவைச் சாத்துறப்ப காது அடைக்கும், ஏசி காத்தோட்டமும் குறையும்.

பற்றவைப்பு

தகடு பற்றி யாரும் சொல்லலையே. கார்பெட் எடுத்ததும் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. பார்க்க வேண்டியது: பாசஞ்சர் கால் வைக்கிற குழி, ராக்கர் (கதவுக்கு அடியில் ஓடுற தகடு) ஓரம், சீட் போல்ட் சுத்தி, கேபின் பின்மூலைகள். இந்தத் தலைமுறை செவியில் ராக்கரும் கேபின் மூலையும்தான் முதல்ல போகும்.

குத்தினா உறுதியா இருந்து மேலே மட்டும் துருன்னா: வயர் வீல், தூசி எடுத்து, கிரீஸ் கழுவி, மெட்டல் பிரெப் (பெயின்ட் பிடிக்கத் தகட்டைத் தயார் பண்ற திரவம்) போட்டுக் கழுவி, நல்லா காய விட்டு பி.ஓ.ஆர்-15 (துரு மேலயே அடிக்கிற பெயின்ட்) ரெண்டு பூச்சு. முதல் பூச்சில் விரல் வைச்சா ஈரம் ஒட்டாம, ஆனா இழுக்கிற பதத்தில் ரெண்டாவது அடிக்கணும். முழுக்கக் காய்ஞ்சுட்டா வழவழப்பாயிடும், தேய்க்காம அடுத்தது பிடிக்காது. டப்பாவிலிருந்து நேரா தொட்டு அடிக்காதீங்க, தேவையானதைக் கிண்ணத்தில் ஊத்திக்கங்க. மூடி போடும்போது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைங்க, இல்லைன்னா மூடி டப்பாவோட ஒண்ணாயிடும். கையில் பட்டு காய்ஞ்சா தோல் உரிஞ்சுதான் போகும், கையுறை கட்டாயம். மாஸ்க்கும்.

குத்தினா உள்ளே போச்சுன்னா பெயின்டால் பயனில்லை. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி, 18 கேஜ் தகடு வைச்சுப் பத்த வைக்கணும். வெல்டிங்குக்கு முன்னாடி கீழே படுத்து, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்க போகுதுன்னு பாருங்க. பாட்டரியைக் கழற்றணும். முடிஞ்சதும் மேலும் கீழும் ப்ரைமர், அப்புறம்தான் சீம் சீலர். பச்சைத் தகட்டில் சீலர் பூசினா அடியிலேயே துரு ஓடும். ஃபைபர் கிளாஸ் ஒட்டி மூடுற வேலை வேண்டாம், குறிப்பா சீட் போல்ட் பக்கம்.

தொழிற்சாலைத் தார் மெத்தை தகட்டோட கெட்டியா ஒட்டியிருந்தா விட்டுடுங்க. ஓரம் தூக்கியிருந்தா மட்டும் எடுக்கணும். ட்ரை ஐஸ் பரப்பி விறைக்க விட்டுச் சுத்தியலால் தட்டினா கண்ணாடி மாதிரி உதிரும். ரெண்டு கதவும் திறந்தே இருக்கட்டும், அந்த வாயு கேபினில் தேங்கினா மயக்கம் வரும்.

கொங்கு_டிரக்

நன்றி. பாசஞ்சர் பக்கம் ஏசி குழாய் அடைப்புதான், கம்பி விட்டதும் அரை மக் தண்ணி வந்துச்சு. தகடு மேல்துரு மட்டும். சீட் எப்படி எடுக்கிறது? அளவு எவ்வளவு வாங்கணும்? வினைல் ஆர்டரில் என்ன சொல்லணும்?

துருப்பகை

சீட் போல்ட் நுனி வண்டிக்கு அடியில் வெளியே தெரியும், அதனாலதான் துரு ஏறி இறுகுது. முந்தின நாள் ராத்திரியே அடியிலிருந்து நுனியில் துரு இளக்கி எண்ணெய் அடிங்க. இறுகிச்சுன்னா ஒரேயடியா திருகாம, கால் சுத்து முன்னே, கால் சுத்து பின்னே. உள்ளே பத்த வைச்ச நட் பிச்சுக்கிட்டு சுத்த ஆரம்பிச்சா அப்புறம் தகட்டை வெட்டணும். சீட் பெல்ட் போல்ட் டி50 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை). மலிவான பிட் தலையைத் தேய்ச்சுடும், சாக்கெட் பிட்டா நல்லது வாங்கி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி உக்கார வைச்சுத் திருப்புங்க. 60/40 சீட் கனம், ரெண்டு பேர் வேணும். 95லிருந்து ஓட்டுநர் ஏர்பேக் வந்துடுச்சு. அந்த வண்டிக்காரங்க யாராவது இதைப் படிச்சா, பாட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஏர்பேக்கோட மஞ்சள் வயர் பக்கம் போகணும்.

ஆர்டரில்: வருஷம், எக்ஸ்டெண்டட் கேப், டூ வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக், கியர் தண்டு ஸ்டீயரிங்கில். இதில் ஒண்ணு தப்பினாலும் நடு மேடு பொருந்தாது. ஃபோர் வீல் டிரைவில் தரை லீவர் இருந்தா மேடு வேற. அலபாமாவில் இருக்கிற ஏ.சி.சி. (ஆட்டோ கஸ்டம் கார்பெட்ஸ்) மாதிரி கம்பெனிங்க அச்சில் வார்த்துக் கொடுப்பாங்க. அடியில் மெத்தை ஒட்டி வருதான்னு கேளுங்க. நீங்க ஃபோம் போடப் போறீங்கன்னா மெத்தை இல்லாதது வாங்குறது புத்திசாலித்தனம்.

நெய்தல்

அளவு: எக்ஸ்டெண்டட் கேப் தரை, மேடுபள்ளம், ஃபயர்வாலில் ஏறும் பகுதி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்; டேப் வைத்து அளந்து உறுதி செய்யவும். பியூட்டைல் 36 சதுர அடிப் பெட்டி ஒன்று போதும். தரைக்குக் கால் பங்கு, மிச்சம் பின்சுவர், கதவுகளின் வெளித்தகடு. பிக்கப்பில் பின்சுவரை மறப்பவர்கள் அதிகம். அகலமான தட்டைத் தகடு, எக்ஸாஸ்ட் முழக்கம் அங்கேதான் பெருகுகிறது. ஃபோம் 40 சதுர அடி, வெட்டுக் கழிவு சேர்த்து. எம்.எல்.வி. தரைக்கு மட்டும் 35, அதாவது 35 பவுண்டு எடை கூடும். காசு பத்தாவிட்டால் எம்.எல்.வி.யை முதலில் விடுங்கள், ஃபோமை விடாதீர்கள்.

கூரையையும் எண்ணுங்கள். வெயிலில் உள்ளே இறங்கும் சூட்டில் கூரையின் பங்கு பெரிது. உள்கூரைத் துணியை என்றாவது இறக்கினால் அங்கும் ஃபோம் ஒட்டிவிடுங்கள்.

தரைச் சூடு பாசஞ்சர் பக்கம் மட்டும் அதிகம் என்றால் உள்ளே எதைப் போட்டாலும் அரைகுறைதான். கீழே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு மேலே இருக்கும் தகடுக் கவசம் துருப்பிடித்து விழுந்திருக்கிறதா பாருங்கள். அரை அங்குலம் இடைவெளி விட்டுப் புதுக் கவசம் மாட்டுங்கள். காற்று இடைவெளி இருப்பதால் பளபளப்பு அங்கே வேலை செய்யும்.

ஒட்டும் முறை: ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஷீட்டை வைத்து, உருளையால் அழுத்தவும். அலுமினியத்தில் புடைத்திருக்கும் கட்டங்கள் தட்டையாகும் வரை. புடைப்பு தெரிகிறது என்றால் அடியில் காற்று இருக்கிறது, அது ஒட்டவில்லை. குளிர்நாளில் ஹீட் கன் லேசாக. ஷீட்டின் ஓரம் பிளேடு போல வெட்டும்.

பற்றவைப்பு

இதைத் தனியாச் சொல்றேன், ஏன்னா உயிர் சம்பந்தப்பட்டது. சீட் கால், பெல்ட் போல்ட் உக்கார்ற இடத்தில் தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் ஃபோமோ பியூட்டைலோ எம்.எல்.வி.யோ எதுவும் இருக்கக் கூடாது. போல்ட் துளையைச் சுத்தி ரெண்டு அங்குலம் வெறுமையா விடுங்க. நடுவில் மெத்து இருந்தா இன்னைக்கு இறுக்கினது அது அமுங்க அமுங்க லூசாயிடும், சீட் ஆடும். வினைல் மட்டும் நடுவில் வர்றதா இருந்தாலும் அந்தப் பாதம் அளவுக்கு வெட்டி எடுத்துடுங்க. இறுக்கறது டார்க் ரெஞ்சில், அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கு. பெல்ட் போல்ட்டை வேற போல்ட்டால் மாத்தாதீங்க.

துருப்பகை

வினைல் போடுற வரிசை.

பெட்டியில் மடிச்சு வரும். பிரிச்சு வெயிலில் கறுப்புப் பக்கம் மேலே வைச்சு விரிங்க, மடிப்புத் தானா இறங்கும். குளிர்ந்திருக்கும்போது இழுத்து நிமிர்த்தாதீங்க, மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்தா போகாது. சூடு இருக்கும்போதே உள்ளே கொண்டு போய் நடு மேட்டில் உக்கார வைங்க. மேடு சரியா உக்காந்தாத்தான் மத்தது. அங்கிருந்து ஃபயர்வால், அப்புறம் ரெண்டு பக்கம், கடைசியா பின்னால. ஓரத்தை அன்னைக்கே வெட்டாதீங்க, ஒரு ராத்திரி கிடக்கட்டும். முதல் வெட்டில் ஒரு அங்குலம் அதிகமா விட்டு, கதவோரத் தகட்டுப் பட்டையை வைச்சுப் பார்த்துட்டு இறுதி வெட்டு.

போல்ட் துளைகளைக் கண்டுபிடிக்க, வினைல் போடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு துளையிலும் தலையில்லாத நீள போல்ட் ஒண்ணு திருகி நிறுத்துங்க. வினைலை அழுத்தினா முட்டிக்கிட்டுத் தெரியும். அங்க சின்னதா குறுக்கு வெட்டு போதும். பெரிய வட்டமா வெட்டினா ஒரு தடவை இடம் மாறினாலும் மறைக்க வழியில்லை.

முழுக்க ஒட்டாதீங்க. ஃபயர்வாலில் ஏறுற பகுதிக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும் சூடு தாங்குற கான்டாக்ட் ஸ்ப்ரே. மத்தது சீட்டும் பட்டையும் பிடிச்சுக்கும், நாளைக்கு ஈரம் வந்தா தூக்கிப் பார்க்கவும் முடியும். அடியில் தடிமன் கூடுறதால கதவோரப் பட்டையின் பழைய திருகு எட்டாது. கால் அங்குலம் நீளமானது துருப்பிடிக்காத எஃகில் வாங்கி வைங்க.

ஹூஸ்டன்மாமா

ஆக்சிலரேட்டரைச் சொல்லுங்கப்பா. பெடலுக்கு அடியில் ஃபோம், எம்.எல்.வி., வினைல், அது மேல ஒரு கால்மிதின்னு அடுக்கினா பெடல் பாதியிலேயே தரையைத் தொட்டுடும்.

துருப்பகை

மாமா சொல்றது சரி. பெடலுக்குக் கீழ ஃபோம் வேண்டாம், வினைல் மட்டும். எஞ்சினை அணைச்சுட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்க. அந்த டி.பி.ஐ. (த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோல் தெளிக்கிற) எஞ்சினில் மேலே இருந்து பார்த்தா ரெண்டு த்ராட்டில் தட்டும் தெரியும். ஒருத்தர் பெடலை அடிவரை மிதிக்கணும், தட்டு ரெண்டும் செங்குத்தா நிக்கணும். விட்டதும் சட்டுனு மூடணும். வினைல் ஓரம் பெடல் கம்பியில் உரசுதான்னு அப்பவே பாருங்க.

புதுவரவு_ஆஸ்டின்

இதெல்லாம் இல்லாம, பின்பெட்டிக்கு அடிக்கிற பெட் லைனரையே உள்தரைக்கும் அடிச்சுட்டா?

பற்றவைப்பு

வயல் வேலை வண்டின்னா தாராளமா அடிக்கலாம், ஹோஸ் போட்டுக் கழுவலாம். சூடும் சத்தமும் அப்படியே இருக்கும். பின்னால தகட்டை வெட்டிப் பத்த வைக்கணும்னா அதைச் சுரண்டி எடுக்கிறது பெரும்பாடு.

கொங்கு_டிரக்

கடைசியா ஒண்ணு. வினைல் போட்டா கார்பெட்டை விட சத்தம் கூடும்னு சிலர் சொல்றாங்களே?

நெய்தல்

கேபினுக்குள் எழும் எதிரொலியைக் கார்பெட் உறிஞ்சும், வினைல் உறிஞ்சாது. ஆகவே வெறும் வினைல் மட்டும் போட்டால் வானொலியும் பேச்சும் கொஞ்சம் கணீரென்று கேட்கும். அடியில் ஃபோமும் எம்.எல்.வி.யும் இருந்தால் வெளிச் சத்தம் இறங்குவதால் மொத்தத்தில் லாபம்தான். துணி சீட் இருந்தால் எதிரொலியும் தெரியாது.

புது வினைல் முதல் சில வாரம் வெயிலில் ஆவி விட்டு முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலான படலம் படியவிடும். ஆல்கஹால் கலந்த துடைப்பானால் துடையுங்கள். அது ஹீட்டர் கோர் ஒழுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். கூலன்டின் இனிப்பு வாடை வந்தால்தான் கவலை. கழுவ சோப்புத் தண்ணீர் போதும். டயருக்குப் போடும் சிலிகான் பளபளப்பை மட்டும் தரையில் தடவாதீர்கள். மழைச் செருப்போடு ஏறினால் பிரேக் பெடலில் கால் நழுவும்.